ஆன்லைன் ஆட்டிசம் டெஸ்ட்: மார்க்கை எவ்வளவு நம்பலாம்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஷிப்மென்ட் கிளம்பிய ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் போனில் ஆட்டிசம் டெஸ்ட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். (மற்றவர்களோடு பழகுவதும் மாற்றத்தை ஏற்பதும் சின்ன வயசிலிருந்தே வேறு விதமாக இருக்கிற மூளை இயல்புதான் ஆட்டிசம்.) 50 கேள்விகள், கால் மணி நேரம். 34 மார்க் வந்தது. 32க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம் என்று கீழே எழுதியிருந்தது. விடிவதற்குள் இன்னும் நாலு டெஸ்ட் போட்டுவிட்டேன். காலையில் வண்டியை எடுக்கும்போது, எனக்கு ஆட்டிசம்தான் என்று முடிவே கட்டியிருந்தேன்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்புறம் டாக்டர், சைக்காலஜிஸ்ட் என்று அலைந்ததில் தெரிந்ததையும் படித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன். நேற்று ராத்திரிதான் முதல் டெஸ்டைப் போட்டுவிட்டு மலங்க மலங்க விழித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது உதவலாம். நான் டாக்டர் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் செக்கிங் டேபிளை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். தைத்து வந்த பீஸை ஒரு அக்கா விரித்துப் பார்த்து, சந்தேகமான இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைப்பார். ஸ்டிக்கர் ஒட்டியதெல்லாம் ரிஜெக்ட் ஆகாது. ஒன்றில் நூல் பிசிறு இருக்கும், இன்னொன்றில் எண்ணெய்க் கறை, வேறொன்றில் நிஜமாகவே ஓட்டை. தரம் பார்க்கிற க்யூசி எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். ஸ்டிக்கரே ஒட்டாமல் பெட்டிக்குள் போன பீஸில், சரக்கு வாங்குகிற பையர் ஓட்டையைக் கண்டுபிடித்த கதையும் உண்டு. ஆன்லைன் டெஸ்ட் செய்வது ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை மட்டும்தான். மனுஷனைப் பீஸோடு ஒப்பிடுகிறானே என்று கோபிக்காதீர்கள். ஆட்டிசம் ஓட்டையும் இல்லை, கறையும் இல்லை. நான் சொல்வது செக்கிங்கைப் பற்றி.

முதலில் டெஸ்டின் பேரைப் பாருங்கள்

நீங்கள் போட்டது என்ன டெஸ்ட்? பேரே இல்லாமல், "பத்தே கேள்வியில் கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். மார்க்கைக் காட்டுவதற்கு முன் போன் நம்பர் கேட்டால் கண்டிப்பாக மூடிவிடுங்கள். மறுநாளே "கவுன்சலிங் பேக்கேஜ்" என்று போன் வரும், எனக்கு வந்தது.

பேர் உள்ளவற்றில் அதிகம் கண்ணில் படுவது ஏ.க்யூ. கேம்பிரிட்ஜில் சைமன் பேரன் கோஹென் குழுவினர் 2001ல் வெளியிட்டது, 50 கேள்விகள் கொண்டது. அதையே பத்துக் கேள்வியாகச் சுருக்கி 2012ல் ஏ.க்யூ. 10 வந்தது, அதில் 6 வாங்கினால் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்பது கணக்கு. ராட்ஸ் ஆர் என்ற டெஸ்டில் 80 கேள்விகள், 2011ல் வந்தது, அதில் 65 மார்க்தான் கோடு. கேட் க்யூ என்று 25 கேள்வியில் ஒன்று இருக்கிறது. அது ஆட்டிசத்தை அளப்பதில்லை. ஒருவர் தன் இயல்பை எவ்வளவு மறைத்துக்கொண்டு பழகுகிறார் என்பதை அளக்கிறது. இது தெரியாமல் கேட் க்யூவில் மார்க் அதிகம் வந்ததற்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாமே ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய, முறையான கேள்வித்தாள்கள். ஆனால் ராட்ஸ் ஆரை உருவாக்கியவர்கள், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது நிரப்ப வேண்டியதாகத்தான் அதை வடிவமைத்தார்கள். ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் படுத்தபடி நிரப்புவதற்கு அல்ல.

போடும்போது கவனிக்க வேண்டியவை

ஆங்கிலம் சரளமாக வருகிறவர் ஆங்கிலத்திலேயே போடுங்கள். வராதவர் தெரிந்த ஒருவரை வைத்துக் கேள்வி கேள்வியாகப் புரிந்துகொண்டு போடுங்கள். பிரவுசர் தானாகச் செய்கிற மொழிபெயர்ப்பை நம்ப வேண்டாம். ஏ.க்யூவில் ஏறக்குறையப் பாதிக் கேள்விகளுக்கு "ஆமாம்" என்றால் மார்க், மீதிக்கு "இல்லை" என்றால் மார்க். கண்ணை மூடிக்கொண்டு ஒரே பக்கமாக டிக் அடிப்பவர்களைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு அது. மொழிபெயர்ப்பில் ஒரு "இல்லை" விழுந்துபோனால் மார்க்கும் தலைகீழாகிவிடும்.

இன்னொன்று. "நிச்சயமாக ஆமாம்", "கொஞ்சம் ஆமாம்" என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டில் எது என்று நான் கேள்விக்குக் கேள்வி குழம்பினேன். ஏ.க்யூவில் இரண்டுக்கும் ஒரே மார்க்குதான்! ராட்ஸ் ஆர் அப்படியில்லை. 16 வயசுக்கு முன்னாலும் இப்போதும் உண்மையா, இப்போது மட்டுமா, சின்ன வயசில் மட்டுமா என்று பிரித்துக் கேட்கும். பெரும்பாலான கேள்விகளில் முதலாவதற்குத்தான் அதிக மார்க். சின்ன வயசு ஞாபகம் இல்லாமல் அதைப் போட்டுப் பிரயோஜனமில்லை.

கேள்வியை நம் ஊரில் வைத்துப் படியுங்கள்

என் 34 மார்க்கில் பாதி ஆட்டம் கண்டது இங்கேதான்.

ஏ.க்யூவில் ஒரு கேள்வி, மியூசியத்தைவிடத் தியேட்டருக்குப் போகப் பிடிக்குமா என்று வரும். மியூசியம் என்று சொன்னால் ஒரு மார்க். கேட்டவர்கள் மனதில் இருந்தது நாடகத் தியேட்டர். நமக்குத் தியேட்டர் என்றால் சினிமா. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கோவை அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு பேரைச் சொல்லும் கார் மியூசியம் இருக்கிறதே, அது. பழைய கார்களை விட்டுவிட்டு எவன் தியேட்டருக்குப் போவான் என்று டிக் அடித்தேன். என்னோடு வேலை பார்க்கிற ஐந்து பேரைக் கேட்டேன், மூன்று பேர் காரைத்தான் சொன்னார்கள்.

வண்டி நம்பர் பிளேட்டைக் கவனிப்பீர்களா என்று இன்னொன்று. கவனிப்பேன் என்றால் ஒரு மார்க். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் நம்பரைக் கவனிக்காமல் எப்படிப் பிழைப்பார்? டிஎன் 28 நாமக்கல், 33 ஈரோடு, 39 திருப்பூர் என்று இந்தப் பக்கம் டீக்கடையில் நிற்கிற பையன்கூடச் சொல்வான். போன் நம்பர்கள் ஞாபகம் இருப்பதற்கும் மார்க் உண்டு. இது 2001ல் எழுதிய கேள்வி. இன்றைக்குப் பெண்டாட்டி நம்பரே மனப்பாடமாகத் தெரியாது. அதை வைத்து என்னத்தை அளப்பது?

கூட்டம், விருந்து பற்றிய கேள்விகளும் அப்படித்தான். அங்கே பார்ட்டி என்பது இஷ்டப்பட்டால் போவது. இங்கே சீரும் கெடா வெட்டும் இஷ்டத்துக்கு விட்ட விஷயமா? போகாவிட்டால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். போய், பந்தியில் உட்கார்ந்து, "எந்த ஊருங்? ஆரு வூட்டுப் பையன்?" என்கிற விசாரணைக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வருகிறவர் தன்னைக் "கூட்டத்தில் பழகுகிறவர்" என்று போட்டுக்கொள்வார். திரும்பி வந்து இரண்டு நாள் யாரோடும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததை டெஸ்ட் கேட்பதில்லை. அதே மாதிரி, பெரியவர்கள் பேசும்போது தலையைக் குனிந்து நிற்க வளர்க்கப்பட்ட பிள்ளைக்குக் வேறு சில டெஸ்டுகளில் வருகிற, கண்ணைப் பார்த்துப் பேசுவது பற்றிய கேள்வி வேறு அர்த்தம் தரும்.

ஆகவே மார்க்கைக் கூட்டுவதற்கு முன்னால், எந்தக் கேள்விக்கு எந்தக் காரணத்தால் டிக் அடித்தீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்காகவா, வளர்ப்பினாலா, உள்ளுக்குள் நிஜமாகவே அப்படியா?

மார்க்குக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

ஏ.க்யூவின் முதல் ஆய்வில், ஏற்கெனவே ஆட்டிச வகையைச் சேர்ந்தவர்கள் என்று உறுதியான 58 பேரில் 80 சதவீதம் பேர் 32ம் அதற்கு மேலும் வாங்கினார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த சாதாரண மக்களில் 2 சதவீதம் பேர்தான் அதைத் தொட்டார்கள். கேட்டால் பிரமாதமாக இருக்கிறது, இல்லையா? 32 வந்தால் அநேகமாக முடிந்தது கதை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆயிரம் பேர் வேலை செய்கிற ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவர் என்று வைத்தால் பத்துப் பேருக்கு ஆட்டிசம் இருக்கும். டெஸ்ட் அதில் எட்டுப் பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் 2 சதவீதம் என்றால் இருபது பேர். ஆக 32க்கு மேல் வாங்கியவர்கள் மொத்தம் 28 பேர். அதில் நிஜமாக ஆட்டிசம் உள்ளவர்கள் 8. பத்துக்கு மூன்று பேர்கூட இல்லை. டெஸ்டில் கோளாறு எதுவும் இல்லாமலேயே இப்படித்தான் வரும். அரிதான ஒன்றை ஊர் முழுக்கத் தேடினால் நடக்கிற விஷயம் இது.

"நான் சும்மா போடவில்லையே, சந்தேகம் வந்துதானே போட்டேன்" என்று கேட்கலாம். நியாயம்தான். அப்படிச் சந்தேகத்தோடு வந்தவர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆட்டிசப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட 476 பெரியவர்களை வைத்து 2016ல் வெளியான ஆய்வில், யாருக்கு ஆட்டிசம் உறுதியாகும் என்பதை ஏ.க்யூ. மார்க்கால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஏ.க்யூ. 10ல் 6க்குக் கீழே வாங்கியவர்களிலேயே 64 சதவீதம் பேருக்குக் கடைசியில் ஆட்டிசம் உறுதியானது. கம்மி மார்க் வந்ததற்குச் சந்தோஷப்பட்டவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

ராட்ஸ் ஆர் கதை இன்னும் விசேஷம். 2011ல் வெளியிட்டபோது, ஆட்டிசம் உள்ளவர்களை 97 சதவீதம் பிடிக்கும், இல்லாதவர்களைத் தவறாகப் பிடிக்கவே பிடிக்காது என்று வந்தது. 2021ல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனைச் சேவைக்கு வந்த 50 பேரிடம் பார்த்தபோது, அநேகமாக எல்லோருமே 65ஐத் தாண்டினார்கள். தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் ஆட்டிசம் உறுதியானது. 50 பேர் சின்ன எண்ணிக்கைதான். இருந்தாலும், கஷ்டப்படுகிறவர்களுக்குள்ளேயே யாருக்கு ஆட்டிசம், யாருக்கு வேறு காரணம் என்று பிரிக்க அது திணறுகிறது என்பது தெரிகிறது.

வேறு காரணம் என்றால்? பதட்ட நோய், நாலு பேர் முன்னால் நிற்கப் பயம், கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி., ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து படுத்துகிற ஓ.சி.டி., மனச்சோர்வு, சின்ன வயசில் மனசில் பட்ட அடி. இவற்றில் பலவும் வெளிப்பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். தொடர்ந்த பதட்டம் ஏ.க்யூ. மார்க்கை ஏற்றிவிடக்கூடும் என்பதை அந்த 2016 ஆய்வே சொன்னது.

ரீல்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 133 ஆட்டிச வீடியோக்களை ஆராய்ந்ததில் 27 சதவீதம்தான் சரியான தகவல் சொன்னவை. டிக்டாக் இங்கே இல்லாவிட்டாலும் அதே சரக்கு வேறு பையில் வருகிறது.

பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள்

என் மச்சான் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். நான் சொன்னதைக் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் ஏ.க்யூ. போட்டார். 19. "பாத்தயா மாப்ள, நமக்கெல்லாம் ஒன்னுமில்ல" என்று போனை நீட்டினார். அக்கா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து, அவர் அடித்த டிக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஏனுங் மாமா, கூட்டத்துல பழகறது உங்களுக்குச் சுலுவா? போன மாசம் சீர்ல பந்தி முடியறதுக்குள்ள கார்ல போயி உக்காந்துக்கிட்டது ஆரு?"

"அது தலவலி."

"பத்து வருசமா அதே தலவலிங்களா?"

அக்கா சொன்னபடி மாற்றிப் போட்டதில் 30 வந்தது. ஒரே ஆள், ஒரே நாள், 11 மார்க் வித்தியாசம். தன்னைப் பற்றித் தனக்குத் தெரிவதே ஒரு திறமை. ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்கு அது கூடுதல் சிரமம். அதைத் தன்னையே கேட்டு அளந்தால் இப்படித்தான் ஆகும். மச்சான் டாக்டரிடம் போகவில்லை. அவருக்கு வேலையிலும் வீட்டிலும் தடையாக ஒன்றும் இல்லை, தறிச் சத்தத்துக்கு நடுவில்தான் நிம்மதி என்கிறார். அதுவும் சரிதான்.

மார்க்கைவிட நோட்டு முக்கியம்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். டெஸ்டில் உங்களைத் தடுமாற வைத்த ஐந்தாறு கேள்விகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் நடந்த சம்பவங்களை எழுதுங்கள். "எனக்கு மாற்றம் பிடிக்காது" என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் கிடைக்காது. நான் எழுதியது: "அம்மாயி வீட்டில் தயிர் ஓடிப்போய் பொரியலில் பட்டால் தட்டையே தள்ளிவிடுவேன். அம்மாயி எனக்கென்று தடுப்பு வைத்த எவர்சில்வர் தட்டு வாங்கி வைத்திருந்தார். ஏழாவது படிக்கிறவரை அதில்தான் சாப்பிட்டேன்."

சின்ன வயசுச் சம்பவங்கள் ஏன் என்றால், ஆட்டிசம் நடுவில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. அறிகுறிகள் குழந்தைப் பருவத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்பது நோயறியும் விதிகளிலேயே இருக்கிறது. முப்பது வயசில் வேலை மாறிய பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். அம்மா, அம்மாயி, பெரியம்மா யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள். "எப்போ பேசினேன்? எதை வெச்சு விளையாடுவேன்? யாரோட சேருவேன்?" பழைய ரேங்க் கார்டில் டீச்சர் எழுதிய வரி கிடைத்தால் அது தங்கம்.

குழந்தைக்காகத் தேடுகிறவர்களுக்கு

மேலே சொன்னவற்றில் பலவும் உங்களுக்குப் பொருந்தாது. எம் சாட் ஆர் என்ற 20 கேள்வி டெஸ்ட் 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு மட்டும். நாலு வயசுப் பையனுக்கு அதைப் போட்டுப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். 3 முதல் 7 வந்தால் விவரமாக மறுபடி கேட்கும் இரண்டாம் சுற்று ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் அந்த மார்க் அரைகுறை. 8ம் அதற்கு மேலும் என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.

மார்க் கம்மியாக வந்து, உங்களுக்குச் சந்தேகம் தீரவில்லையா? போங்கள். "ஆம்பளப் பையன் லேட்டாத்தான் பேசுவான், உங்கப்பனும் அப்படித்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு ஒரு வருஷம் உட்காராதீர்கள். முதலில் காது கேட்கும் பரிசோதனை. பேச்சுப் பயிற்சி தொடங்க, ஆட்டிசம் என்று முத்திரை விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எங்கே போவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் கோவை, திருப்பூர், பெருந்துறை, சேலம் எல்லா இடத்திலும் இருக்கின்றன; பெரியவர்கள் மனநலப் பிரிவுக்குப் போகலாம். குழந்தைகளுக்கு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் எங்கே என்று அங்கேயே கேளுங்கள். தனியாரிடம் போவதானால் மனநல மருத்துவர், அல்லது ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. பெரியவர்களுக்கு ஆட்டிசம் பார்த்த அனுபவம் உண்டா என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

நான் முதலில் போன இடத்தில் இதையெல்லாம் கேட்கவில்லை. ஒரு அம்மணி நான் ஏற்கெனவே வீட்டில் போட்ட அதே ஏ.க்யூவைப் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தார். இருபது நிமிஷத்தில் மார்க் போட்டு, "ஆமாம், இருக்கு" என்று சொல்லி, பன்னிரண்டு சிட்டிங்குக்குப் பணம் கட்டச் சொன்னார். அம்மாவைப் பற்றியோ பள்ளிக்கூடம் பற்றியோ ஒரு கேள்வி இல்லை. ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர்.

இரண்டாவது பார்த்த டாக்டர் என் மார்க் தாளை வாங்கிப் புரட்டி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் "அடுத்த வாரம் அம்மாவோட" என்று எழுதிக் கொடுத்தார். மூன்று தடவை போனோம். ஒரு தடவை அம்மாவிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசினார்; அம்மா வெளியே வந்து, "நீ பஸ் ரூட்டு ஒப்பிச்சதெல்லாங்கூடச் சொல்லிப்போட்டேன் கண்ணு" என்றார். தூக்கம், பதட்டம், வேலை எல்லாவற்றையும் கேட்டார்கள். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஆட்டிசம் தெரியாது. அவை வேறு சந்தேகங்களுக்காக எடுப்பவை. கடைசியில், சில குணங்கள் இருக்கின்றன, ஆனால் ஆட்டிசம் என்று சொல்ல இது போதாது, முதலில் பதட்டத்துக்கு வைத்தியம் பார்க்கலாம் என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. 34 என்ற எண்ணை அவ்வளவு பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு உறுதியானால், 2016ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் 21 வகைகளில் ஒன்றாக வருகிறது. அரசுப் படிவங்களில் "புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்" என்கிற மாதிரி எழுதியிருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம், இதுதான் அது. சான்றிதழுக்கு ஆன்லைன் மார்க் எதுவும் செல்லாது. இஸா என்ற 40 கேள்விகள் கொண்ட நம் நாட்டு அளவுகோலை, மருத்துவக் குழுவே உங்களைப் பார்த்தும் வீட்டாரைக் கேட்டும் போடுகிற முறை இருக்கிறது. யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம்; சிக்கல் வந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றிதழில் பாதிப்பு 40 சதவீதமாவது இருக்க வேண்டும்.

டெஸ்ட் போட்ட ராத்திரியே மனசு தாங்காமல் போனால், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.